மாட்டுக்கறி பஞ்சு மாதிரி வேகணும்னா: கறி வாங்குறதுல இருந்து 15 பேர் பந்தி வரைக்கும் முழுமையான வழிகாட்டி

"அக்கா, ஆறு விசில் விட்டுட்டேன், இன்னும் ரப்பர் மாதிரி இருக்கு, என்ன பண்றது?" இந்த போன் எனக்கு மாசத்துக்கு ஒண்ணாவது வந்துடும், அதுவும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டரை மணிக்கு, வீட்ல எல்லாரும் தட்டு எடுத்து வச்சுட்டு உக்காந்திருக்கிற நேரமா பாத்து வரும். பாவமா இருக்கும். ஆட்டுக்கறி வைக்கிற கணக்குல மாட்டுக்கறியை வச்சுடுறாங்க, அங்கதான் எல்லாம் சிக்குது. எங்க வீட்ல அம்மா காலத்துல இருந்து ஞாயித்துக்கிழமைன்னா மாட்டுக்கறிதான், நான் கல்யாணம் ஆகி சென்னை வந்து இத்தனை வருஷத்துல காதுகுத்து, பொறந்தநாள், கிறிஸ்மஸ்னு எத்தனையோ தடவை கூட்டத்துக்கு ஆக்கிப் போட்டிருக்கேன், அதுல கத்துக்கிட்டது எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு உக்காந்திருக்கேன். கொஞ்சம் நீளம்தான், ஆனா பொறுமையா படிச்சுட்டு சமைங்க.

கறி ஏன் இவ்ளோ நேரம் எடுக்குது

இத புரிஞ்சுக்கிட்டா பாதி சமையல் முடிஞ்ச மாதிரி. தமிழ்நாட்டுல 1958-ல வந்த சட்டப்படி மாடோ எருமையோ 10 வயசு தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் இனி ஆகாதுன்னு சான்று வாங்கினா, இல்லேன்னா அடிபட்டு நிரந்தரமா முடியாம போயிட்டா, அப்பதான் அறுக்க முடியும். அப்போ நம்ம சட்டிக்கு வர்ற கறி எதுன்னு யோசிச்சுப் பாருங்க, வருஷக்கணக்கா வண்டி இழுத்து, ஏர் உழுது, மைல் கணக்கா நடந்த உடம்பு. அந்த தசை உரம் ஏறித்தான் இருக்கும். வெளிநாட்டு வீடியோல பெரிய துண்டை கல்லுல போட்டு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு நிமிஷம் சுட்டு எடுக்கிறாங்களே, அது கறிக்குன்னே தீனி போட்டு வளர்த்த சின்ன வயசு மாடு, அதைப் பாத்துட்டு நம்ம தெருமுனை கறியில முயற்சி பண்ணா பல்லு வலிதான் மிச்சம்.

கறி நாருக்கு நடுவுல வெள்ளையா ஒரு ஜவ்வு ஓடும் பாத்திருப்பீங்க. வேலை செஞ்ச தசையில அது கெட்டியா இருக்கும். சூடு 70 டிகிரி பக்கம் போனதும் அது மெல்ல மெல்ல கரைஞ்சு ஜெலட்டினா மாறும், பாயா ஆறினதும் வாயில ஒட்டுதே, அதேதான். ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு, கறி நேரா மெத்துனு ஆகிடாது, முதல்ல சுருங்கி தண்ணி விட்டு பச்சையா இருந்ததைவிட இறுகிப் போகும், அப்புறம்தான் ஜவ்வு கரைஞ்சு இளக ஆரம்பிக்கும். நிறைய பேர் குக்கரைத் திறக்கிறது சரியா அந்த இறுகின நேரத்துலதான். "அய்யோ கல்லாட்டம் ஆயிடுச்சு"ன்னு பயந்து அப்படியே பரிமாறிடுவாங்க. இன்னொரு இருபது நிமிஷம் விட்டிருந்தா அதே கறி நாரு நாரா பிரிஞ்சிருக்கும்.

கடையில என்ன கேக்கணும்

காலையில ஏழு, எட்டு மணிக்குள்ள போயிடுங்க. கறி நல்ல சிவப்பா, தொட்டா ஈரமா ஆனா பிசுபிசுன்னு ஒட்டாம இருக்கணும், விரலால அழுத்தினா பள்ளம் திரும்பி மேல வரணும். வாடை வந்தா, ஓரம் பச்சையடிச்சா வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்க, எவ்ளோ பழக்கப்பட்ட கடையா இருந்தாலும் சரி. எருமைக்கறி கொஞ்சம் கருஞ்சிவப்பா இருக்கும், கொழுப்பு வெள்ளையா இருக்கும், மாட்டுக்கறியில கொழுப்பு மஞ்சள் அடிக்கும், இதை வச்சே எதுன்னு தெரிஞ்சுக்கலாம். ரெண்டும் நல்லா இருக்கும், எருமைக்கு நேரம் மட்டும் கொஞ்சம் கூட வைங்க.

சும்மா "ஒரு கிலோ குடுங்க"ன்னு கேட்டா எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டிப் போடுவாங்க, ஒரு துண்டு வெந்திருக்கும், பக்கத்துத் துண்டு வேகாம கெடக்கும். அதனால என்ன ஆக்கப் போறீங்கன்னு கடைக்காரர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. "பாய், வறுவலுக்கு, தொடையில எலும்பு இல்லாம, சின்னதா போடுங்க." "குழம்புக்கு நெஞ்சுக்கறி, எலும்போட, கொழுப்பை எடுக்காதீங்க." "பிரியாணிக்கு சப்பை, எலுமிச்சம்பழம் அளவுக்கு." இப்படிச் சொன்னாப் போதும், அவங்களுக்கே புரியும். தொடையில கொழுப்பு கம்மி, வறுவலுக்கு நல்லா சுருண்டு வரும். நெஞ்சுல கொழுப்பும் ஜவ்வும் கலந்து இருக்கிறதால குழம்பு கெட்டியா, ருசியா வரும். நல்லி எலும்பு கெடைச்சா விடாதீங்க, தால்ச்சாவுக்கு, அதான் பிரியாணிக்குத் தொட்டுக்கிற பருப்புக் குழம்புக்கு, அதைவிட வேற ஒண்ணும் வேணாம்.

வெட்டும்போது நாரு ஓடுற திசைக்கு குறுக்கால வெட்டச் சொல்லுங்க. நாரு நீளமா இருந்தா எவ்ளோ வெந்தாலும் பல்லுல மாட்டும், குறுக்கால வெட்டினா நாரே குட்டையாகிடும், மெல்லுறதுக்கு சுலபம். கடையில கூட்டம் இருந்தா பெரிய துண்டா வாங்கி வந்து வீட்ல நீங்களே வெட்டிக்கோங்க, ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வச்சு லேசா விறைச்சதும் வெட்டினா கத்தி வழுக்காது.

விலை ஆட்டுக்கறியில பாதிகூட வராது. மாசக் கடைசியிலயும் கூட்டமா உக்காந்து வயிறு நிறைய கறி சாப்பிட முடியுதுன்னா அது இதால மட்டும்தான், எங்க மாதிரி வீடுகளுக்கு அது சின்ன விஷயமே இல்ல.

கழுவுறது

ஓடுற குழாய்க்கு நேரா பிடிச்சுக் கழுவாதீங்க, தண்ணி தெறிச்சு சிங்க் பக்கத்துல இருக்கிற தட்டு, டம்ளர் எல்லாத்துலயும் படும். ஒரு அகல பாத்திரத்துல தண்ணி ஊத்தி கறியைப் போட்டு அலசி ரெண்டு தடவை மாத்தினா போதும். எலும்புப் பொடியும் ரத்தக்கட்டும் போறதுக்குத்தான் இந்தக் கழுவல், கிருமி சாகுறது அடுப்பு சூட்டுலதான். மணிக்கணக்கா தண்ணியில ஊறப் போடாதீங்க, ருசியெல்லாம் தண்ணியோட போயிடும். கழுவினதும் ஒரு பத்து நிமிஷம் வடிதட்டுல போட்டு தண்ணியை முழுசா வடிய விடுங்க, கறி வெட்டின பலகையையும் கத்தியையும் சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் வெங்காயத்துல கை வைக்கணும்.

வேக வைக்கிறது, இதுதான் அஸ்திவாரம்

வறுவலோ குழம்போ எதுவா இருந்தாலும் எனக்கு முதல் படி இது ஒண்ணுதான். ஒரு கிலோ கறிக்கு: ஒரு டீஸ்பூன் கல்லுப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு டேபிள்ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, உரிச்ச சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, நுணுக்கின மிளகு ஒரு டீஸ்பூன், ஒரு கொத்து கறிவேப்பிலை. எல்லாத்தையும் கறியோட சேத்து கையால நல்லா பிசறி அரை மணி நேரம் வைங்க.

அப்புறம் குக்கர்ல ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு கறியைப் போட்டு மூடாம அஞ்சாறு நிமிஷம் கிளறுங்க. கறி நிறம் மாறி அதுவே தண்ணி விட ஆரம்பிக்கும். அந்தத் தண்ணியோட அரை டம்ளர் மட்டும் சேத்து மூடுங்க. நிறைய தண்ணி ஊத்துறவங்கதான் அப்புறம் அதை வத்த வைக்கிறேன்னு சொல்லி கறியை சக்கையாக்குறாங்க.

இப்ப முக்கியமான விஷயம். விசில் எண்ணாதீங்க. ஒருத்தர் குக்கர் மூணு லிட்டர், இன்னொருத்தர் குக்கர் ஏழரை லிட்டர், ஒருத்தர் அடுப்பு வேகமா எரியும், இன்னொருத்தர் அடுப்பு மந்தமா எரியும், எல்லாருக்கும் "எட்டு விசில்"னு சொன்னா எப்படி சரியா வரும்? கடிகாரத்தைப் பாருங்க. முதல் விசில் வந்ததும் சிம்ல வச்சு அங்க இருந்து நிமிஷக் கணக்கு. எலும்பில்லாத தொடைக்கறின்னா 25 நிமிஷம், நெஞ்சுக்கறி 30, நல்லி எலும்பு, வால், கால் இதெல்லாம் 45 நிமிஷம். அணைச்சுட்டு ஆவி தானா அடங்குற வரைக்கும் விட்டுடுங்க, கரண்டியால விசிலைத் தூக்கி ஆவியை வெளியேத்தாதீங்க, திடீர்னு அழுத்தம் இறங்கினா உள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கிற கறி இருக்கிற சாறையெல்லாம் வெளிய தள்ளிடும்.

திறந்ததும் பெரிய துண்டா ஒண்ணு எடுத்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு அழுத்துங்க. நாரு பிரிஞ்சு வந்தா சரி. பிரியாம ரப்பர் மாதிரி இருந்துச்சுன்னா மறுபடி மூடி பத்து நிமிஷம், தேவைப்பட்டா இன்னொரு பத்து. பதறவே வேணாம், மாட்டுக்கறி பத்து நிமிஷம் கூட வெந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது.

குக்கர் இல்லாம மண்சட்டியில, விறகடுப்புல வைக்கிறவங்க ரெண்டரை, மூணு மணி நேரம் எடுத்துக்கோங்க, குக்கர் உள்ள 120 டிகிரி வரைக்கும் போகும், திறந்த சட்டியில 100-க்கு மேல போகாது, அதான் இந்த வித்தியாசம். ஆனா அந்த ருசி தனி, அதை நான் மறுக்கவே மாட்டேன்.

பப்பாளிக்காய் போடலாமான்னு கேப்பீங்க. போடலாம், காயை அரைச்சு ஒரு கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம், அவ்ளோதான். எங்க நாத்தனார் பொண்ணு காதுகுத்துக்கு முந்தின நாள் ராத்திரியே நான் மூணு கிலோ கறிக்கு தாராளமா பப்பாளிக்காய் தடவி வச்சுட்டேன், காலையில வேக வச்சு எடுத்தா மேல எல்லாம் மாவு மாதிரி கொழகொழன்னு, துண்டே இல்ல. அழுகையே வந்துடுச்சு. அன்னைக்கு அதை அப்படியே மசிச்சு கோளா உருண்டையா பண்ணிக் குடுத்து சமாளிச்சோம். அதுல இருந்து நான் பப்பாளியை நம்புறதைவிட நேரத்தை நம்புறேன்.

கறி வெந்த தண்ணியைக் கீழ ஊத்திடாதீங்க. வறுவல், குழம்பு, பிரியாணி எது செஞ்சாலும் அது உள்ள போயாகணும்.

வறுவல்

கன்னியாகுமரி, கேரளா பக்கம் தேங்காயைப் பல்லு பல்லா கீறிப் போட்டு தேங்காய் எண்ணெயில வறுப்பாங்க, எங்க பக்கம் கடலை எண்ணெய், சோம்பு, மிளகுதான். நான் இப்ப ரெண்டையும் கலந்து செய்றேன், பசங்களுக்கு அந்தத் தேங்காய் துண்டு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

வேக வச்ச ஒரு கிலோ கறிக்கு கால் கிலோ சின்ன வெங்காயம் நீளமா நறுக்கி வைங்க, பெரிய வெங்காயம் போட்டா இனிச்சிடும். அரை மூடித் தேங்காயை சின்னச் சின்ன பல்லா கீறிக்கோங்க. அடி கனமான இரும்புச் சட்டி இருந்தா அதை எடுங்க, நான்ஸ்டிக்ல அந்தக் கருக்கு வராது. நாலு டேபிள்ஸ்பூன் எண்ணெய் காய்ஞ்சதும் தேங்காய் பல்லைப் போட்டு ஓரம் சிவந்ததும் எடுத்துத் தனியா வச்சுடுங்க. அதே எண்ணெயில கடுகு, சோம்பு, கறிவேப்பிலை மூணு கொத்து, பச்சை மிளகாய் நாலு, வெங்காயம். வெங்காயம் பொன்னிறமா ஆகுற வரைக்கும் அவசரப்படாம வதக்கி, ஒரு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாசம் போனதும் அடுப்பைக் குறைச்சு மல்லித்தூள் ரெண்டு டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், சோம்புத்தூள் ஒரு டீஸ்பூன். தூள் கருகிடுச்சுன்னா மொத்தமும் கசக்கும், அதனால பயமா இருந்தா கறித்தண்ணி ரெண்டு ஸ்பூன் தெளிச்சுக்கோங்க.

இப்ப கறியை, இருக்கிற தண்ணியோட சட்டியில கொட்டுங்க. இங்க இருந்து நாப்பது நிமிஷம் ஆகும், நான் மிகைப்படுத்தல, உண்மையாவே நாப்பது நிமிஷம். முதல்ல தண்ணி சளசளன்னு கொதிக்கும், அப்புறம் கெட்டியாகி குமிழ் பெருசா பொத்துன்னு பொத்துன்னு வெடிக்கும், அதுக்கப்புறம் சத்தம் மாறும், எண்ணெய் பிரிஞ்சு மறுபடி சொர்ருன்னு வறுபடுற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் வந்தப்புறம்தான் வறுவலே ஆரம்பிக்குது. தீயை சிம்முக்குக் கொஞ்சம் மேல வச்சு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டும் அடியோட புரட்டுங்க, சும்மா கிளறிக்கிட்டே இருந்தா கறி சட்டியில ஒட்டி சிவக்கிறதுக்கு நேரமே கெடைக்காது. சிவப்பு பழுப்பாகி, பழுப்பு கருப்பை நோக்கிப் போகும், வெங்காயம் எங்க இருக்குன்னே தெரியாம கறி மேல மசாலாவா ஒட்டிக்கும். கடைசியா தேங்காய் பல்லு, அப்ப இடிச்ச மிளகு ஒன்றரை டேபிள்ஸ்பூன், இன்னொரு கொத்து கறிவேப்பிலை, ரெண்டு புரட்டு, அணைச்சுடுங்க. மிளகை அப்ப அப்ப உரல்ல இடிச்சுப் போடுறதுதான் வாசனை, டப்பாவுல இருக்கிற பழைய மிளகுத்தூள் காரம் மட்டும்தான் குடுக்கும்.

குழம்பு

தினசரி வீட்டுச் சாப்பாட்டுக்கு இதுதான். கொத்தமல்லி விதை மூணு டேபிள்ஸ்பூன், காய்ஞ்ச மிளகாய் எட்டு, மிளகு ஒரு டீஸ்பூன், சோம்பு ஒரு டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூணு. இதையெல்லாம் வெறும் சட்டியில சிம்ல வறுத்து, கடைசியில நாலு ஸ்பூன் தேங்காய்த் துருவலும் போட்டு சிவக்க விட்டு, ஆறினதும் பத்து சின்ன வெங்காயம் சேத்து மைய அரைச்சுக்கோங்க. பட்டை கிராம்பை கம்மியாத்தான் வைங்க, மாட்டுக்கறிக்குன்னு ஒரு வாசம் இருக்கு, அதை மசாலா போட்டு அமுக்க வேண்டியதில்ல.

வெங்காயம், ரெண்டு தக்காளி வதக்கி, அரைச்ச விழுதைப் போட்டு எண்ணெய் பிரிய விட்டு, எலும்போட வேக வச்ச நெஞ்சுக்கறியும் தண்ணியும் ஊத்தி, பெருசா நறுக்கின உருளைக்கிழங்கோ முள்ளங்கியோ முருங்கைக்காயோ போட்டு கொதிக்க விடுங்க. காய் வெந்து மேல எண்ணெய் மிதந்தா இறக்கிடலாம். மேல ரொம்ப எண்ணெய் நின்னா கரண்டியால அள்ளி ஒரு கிண்ணத்துல வச்சுக்கோங்க, மறுநாள் அந்த எண்ணெயில முட்டை பொரிச்சுப் பாருங்க.

சோத்துக்கு, களிக்கு, இட்லி தோசைக்கு, எல்லாத்துக்கும் ஒத்துப்போகும். ஆனா என்னைக் கேட்டா ராகிக்களிதான், சூடான உருண்டையில குழி பண்ணி குழம்பை ஊத்தி சாப்பிடுறதுக்கு ஈடே இல்ல.

கூட்டத்துக்கு பிரியாணியும் தால்ச்சாவும்

மாட்டுக்கறி பிரியாணின்னா ஆம்பூர், வாணியம்பாடி பக்கம்தான் எனக்கு அளவுகோல். சீரக சம்பா அரிசி, ஊற வச்சு அரைச்ச காய்ஞ்ச மிளகாய் விழுது, தயிர், அளவான பட்டை கிராம்பு, இதான் அந்த ஊரு ருசி. அந்த ஊருல தலைமுறை தலைமுறையா ஆக்குற சாப்பாடு இது. 2022-ல ஆம்பூர்ல பிரியாணி திருவிழான்னு மாவட்ட நிர்வாகம் அறிவிச்சுட்டு மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லன்னாங்க, எதிர்ப்பு கிளம்புச்சு, கடைசியில மழையைக் காரணம் சொல்லி திருவிழாவையே தள்ளி வச்சாங்க. அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா எங்க வீட்டு நல்லது கெட்டது எல்லாத்துலயும் இந்தச் சட்டி அடுப்புல இருந்திருக்கு.

15 பேருக்கு கணக்கு: சீரக சம்பா 2 கிலோ, கறி 2 கிலோ. கூட வறுவலுக்கு 1 கிலோ, தால்ச்சாவுக்கு எலும்பு 1 கிலோ.

முந்தின நாள் சாயங்காலமே எல்லாக் கறியையும் தனித்தனியா வேக வச்சுடுங்க, பிரியாணிக் கறி மட்டும் 20 நிமிஷத்தோட நிறுத்திடுங்க, மிச்சம் மசாலாவுல வேகும். வெந்ததும் பெரிய பாத்திரத்துல மூடி அப்படியே விடாதீங்க. ஒரு தடவை சித்திரை மாசம் நான் அப்படித்தான் பெரிய டபராவுல மூடி வச்சுட்டு அசதியில தூங்கிட்டேன், காலையில திறந்தா மேல நுரை கட்டி புளிச்ச வாடை, மூணு கிலோ கறியை அப்படியே கொட்டினோம், விருந்தாளி வர நாலு மணி நேரம்தான் இருந்துச்சு. பெரிய பாத்திரத்துல நடுவுல சூடு ஆறவே ஆறாது, அந்த வெதுவெதுப்புலதான் கிருமி பெருகும். அகலமான தட்டுகள்ல, சின்னப் பாத்திரங்கள்ல பிரிச்சு ஊத்தி ஃபேனுக்கு கீழ ஆற விட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போயிடணும்.

மறுநாள் காலையில 40 காய்ஞ்ச மிளகாயை விதை உதுத்து சுடுதண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சு மைய அரைச்சுக்கோங்க. காரம் வேணாம்னா பாதி காஷ்மீரி மிளகாய் போட்டுக்கலாம், நிறம் அப்படியே வரும். அடி கனமான பாத்திரத்துல 300 மில்லி எண்ணெய், பட்டை ஆறு துண்டு, கிராம்பு எட்டு, ஏலக்காய் எட்டு, முக்கால் கிலோ பெரிய வெங்காயம். வெங்காயம் சிவந்ததும் அரைச்ச பூண்டு 150 கிராம் முதல்ல, அது வதங்கினதும் இஞ்சி 150 கிராம். இஞ்சி சீக்கிரம் அடி பிடிக்கும், அதனால ரெண்டாவதா போடுவாங்க. அப்புறம் மிளகாய் விழுது, அரை கிலோ தக்காளி, புதினா ஒரு கட்டு, மல்லித்தழை ஒரு கட்டு, உப்பு, அடிச்ச தயிர் 300 மில்லி, கடைசியா கறியும் அதோட தண்ணியும். மூடி போட்டு இருபது, இருபத்தஞ்சு நிமிஷம், கறி முழுசா வேகுற வரைக்கும். கிரேவி கரண்டியில இருந்து தளதளன்னு விழணும், ரொம்ப கெட்டியா இருந்தா அரிசி வேகாது, தண்ணியா இருந்தா குழைஞ்சிடும்.

இன்னொரு அடுப்புல நிறைய தண்ணி கொதிக்க வச்சு, வாயில வச்சா நல்லா கரிக்கிற அளவு உப்பு போட்டு, அரை மணி நேரம் ஊறின அரிசியைப் போடுங்க. சீரக சம்பா சின்ன அரிசி, அஞ்சு நிமிஷத்துல முக்கால் பதம் வந்துடும், ஒரு பருக்கையை நசுக்கினா நடுவுல வெள்ளையா புள்ளி தெரியணும், அப்பவே வடிச்சுடுங்க. வடிச்ச அரிசியை கிரேவி மேல கொட்டி, அரிசி உடையாம கீழ இருந்து மேல ஒரே ஒரு தடவை புரட்டி, எலுமிச்சை சாறு தெளிச்சு, இறுக்கமா மூடி மேல கனமா ஏதாவது வைங்க, கீழ தோசைக்கல்லு போட்டு சிம்ல 20 நிமிஷம். கரி நெருப்பு இருந்தா மூடி மேல கொஞ்சம் அள்ளிப் போடுங்க. அணைச்சுட்டு இன்னும் 15 நிமிஷம் திறக்கவே கூடாது, வாசனைக்கு எல்லாரும் சட்டியை சுத்தி வருவாங்க, விடாதீங்க.

தால்ச்சா சுலபம். கடலைப்பருப்பு 200 கிராம், துவரம்பருப்பு 100 கிராம் மஞ்சள் போட்டு குழைய வேக வச்சு மசிச்சு, வெங்காயம் தக்காளி வதக்கினதுல மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டு, எலும்பும் தண்ணியும், கத்திரிக்காய், மாங்காய் துண்டு, கொஞ்சம் புளிக்கரைசல் சேத்து கொதிக்க விட்டு பருப்பை ஊத்துங்க. மாங்காய் இல்லாத மாசத்துல புளியைக் கொஞ்சம் கூட்டிக்கலாம்.

நேரக் கணக்கு இப்படி: ஒரு மணிக்கு பந்தின்னா ஒன்பதரைக்கு வெங்காயம் நறுக்க உக்காந்துடுங்க, பத்தே காலுக்கு தால்ச்சாவும் வறுவலும் அடுப்புல ஏறணும், பதினொண்ணுக்கு பிரியாணி மசாலா, பன்னெண்டே காலுக்குள்ள தம். வறுவலுக்கு ஒரு ஆளை நிறுத்திடுங்க, எல்லாத்தையும் ஒரே ஆளு பாத்தா ஒண்ணு அடி பிடிக்கும். தயிர் பச்சடியை மட்டும் கடைசி நிமிஷத்துக்கு விட்டுடுங்க.

மிச்சம் இருந்தா

பந்தி முடிஞ்சதும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க, வெயில் காலத்துல ஒரு மணி நேரமே அதிகம். ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் தாங்கும், எடுக்கிறப்ப தேவையான அளவு மட்டும் எடுத்து நடுவுல ஆவி பறக்கிற வரைக்கும் சூடு பண்ணுங்க, மொத்த சட்டியையும் தினம் எடுத்து எடுத்து சூடு பண்ணி திருப்பி வைக்கிறதுதான் தப்பு.

குழம்பு மறுநாள்தான் உண்மையிலயே ருசி, உப்பும் காரமும் கறிக்குள்ள போய் உக்காந்திருக்கும். வறுவல் மிச்சம் இருந்தா கையாலயே நாரு நாரா உதுத்து, தோசை ஊத்தி மேல முட்டை ஒண்ணு உடைச்சு விட்டு, அந்தக் கறியைத் தூவி, மூடி போட்டு ரெண்டு நிமிஷம் விடுங்க. திருப்பிப் போட வேண்டியதில்ல. ஓரம் மொறுமொறுன்னு வரும், நடுவுல கறி முட்டையோட ஒட்டிக்கிட்டு இருக்கும். பசங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு நான் திங்கக்கிழமை இதுதான் போடுறது, அதுக்காகவே ஞாயித்துக்கிழமை ஒரு கைப்பிடி வறுவலை எடுத்து ஒளிச்சு வச்சுடுவேன்.